வரைபடத்தைச் சொல்லும் வரிகள்

திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், ஓர் ஊரமைப்பு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். நாங்கள் வெளியிட்ட நகர வரைவுத் திட்டம் முழுக்க ஸ்கேன் செய்த பக்கங்கள். அவை வெறும் படங்கள் என்பதால், எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் பார்வையற்றவர்களின் செல்போன் அவற்றை வாசிக்காது. பார்வையில்லாத பள்ளி ஆசிரியை ஒருவர் இதைச் சொல்லி மனு கொடுத்ததால், எல்லாவற்றையும் எழுத்தாக அடித்து, வரைபடங்களில் இருப்பதை வாக்கியங்களாக எழுதும் வேலை எனக்கு வந்தது.

முடித்ததும் அவரே வந்து கேட்டுப் பார்த்தார். புறவழிச்சாலை வரைபடத்துக்கு நான் எழுதியிருந்ததைச் செல்போன் வாசித்தது: "சாலை மாரியம்மன் கோயிலுக்கு வடக்கே, கிழக்கு வீதி வீடுகளின் வழியாகச் செல்கிறது."

அவர் மறுபடி ஒருமுறை ஓடவிட்டார்.

"ஏனுங்க, கிழக்கு வீதியில எங்க ஊடு கடைசிங்க. அதுவும் போகுதுங்களா?"

"ஆமாங்க."

எழுதும்போது அது எனக்கு ஒரு கோடாகத்தான் இருந்தது. அவர் கேட்டபோதும் வருத்தம் என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

"நல்லா வாசிக்குதுங்க," என்றார். "ஆட்சேபணை கொடுக்க இன்னும் நாள் இருக்குதுங்களா?"

இருந்தது. அங்கேயே உட்கார்ந்து, செல்போனிடம் சொல்லிச் சொல்லி எழுதி அனுப்பினார்.

சில மாதம் கழித்து, அதிகாரி கையெழுத்திட்ட பதில் என் மேசைக்கு வந்தது. ஆட்சேபணை ஏற்கப்படவில்லை. ஸ்கேன் செய்து அனுப்பினால் அவரால் வாசிக்க முடியாது என்பதால் அதையும் எழுத்தாக அடித்தேன். சரியாக வாசிக்கிறதா என்று என் செல்போனில் ஓடவிட்டுக் கேட்டேன். சரியாகவே வாசித்தது. அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.