எதிர்வீட்டுச் சாவி

சாவியை ராவி முடித்ததும் பூட்டுக்கார அக்கா அதன் பற்களைக் கீழுதட்டில் மெல்ல இழுத்துப் பார்ப்பாள். விரல்கள் காய்த்து மரத்துப் பல வருஷம் ஆகிறது. பிசிறு இருந்தால் உதடுதான் சொல்லும்.

அந்த மாதம் உதடே புண்ணாகிற அளவுக்கு வேலை. ஆற்றுக்கு அக்கரை நாட்டில் கரைக்காரர்களும் மேட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். இக்கரை நாட்டிலும் அதே இரண்டு சனம்தான், ஒரே தெருவில் கலந்து கிடந்தது. முதலில் தப்பியவர்கள் வந்தார்கள். அவர்கள் பின்னால் கதைகள் வந்தன. அப்புறம் கரைக்காரத் துப்பாக்கிக்காரர்கள் ஜீப்பில் பக்கத்து ஊருக்கு வந்து, தங்கள் ஆள் ஒருவனிடம் மேட்டுக்காரன் வீடு எதுவென்று கேட்டார்கள். அவன் கை நீட்டினான். ஊர் எரிந்தது.

அக்கா கரைக்காரி. மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது தன் தெருவிலேயே, ஒரு மேட்டுக்காரர் வீட்டில். நிறைமாதம்.

"பொண்ணைக் கூட்டிட்டு வந்துடு" என்றார்கள் சொந்தக்காரர்கள்.

"மாப்பிள்ளையை யார்கிட்ட விட்டுட்டு வரது?" என்றாள் அக்கா.

மறுநாள் ரொட்டிக்கடைக்காரர், அவரும் கரைக்காரர்தான், பூட்டு வாங்க வந்தார். அக்கா ஒரு சாவியை மட்டும் கொடுத்தாள்.

"இன்னொண்ணு?"

"அது எதிர்வீட்டு வாத்தியாருக்கு."

"கிறுக்காக்கா உனக்கு? அந்த மேட்டுக்காரனுக்குப் பயந்துதானே பூட்டே வாங்குறேன்!"

"அவரும் உனக்குப் பயந்துதான் காலையில வாங்கிட்டுப் போனாரு. இந்தா, அவர் வீட்டுச் சாவி. இஷ்டமில்லன்னா கதவைக் கயித்தால கட்டிக்கோ."

ஊரில் வேறு பூட்டுக்கடை இல்லை. முணுமுணுத்துக்கொண்டே தெரு முழுக்கச் சாவி மாற்றிக்கொண்டது. ஒருநாள் ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக் குழாயைத் திறந்துபோட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். உள்ளே போய் மூடியவர் வாத்தியார். "உங்க வீட்ல நீச்சலே கத்துக்கலாம் போல" என்று கடைக்கே வந்து சொன்னார். ரொட்டிக்கடைக்காரர் சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தார், முடியவில்லை.

பட்டப்பகலில் ஜீப் வந்தது. துப்பாக்கிக்காரர்களின் தலைவன் ரொட்டிக்கடைக்காரரை நிறுத்தி, வாத்தியார் வீட்டைக் காட்டிக் கேட்டான்:

"நீலக்கதவு மேட்டுக்காரன் வீடுதானே?"

ரொட்டிக்கடைக்காரரின் கை தானாகப் பைக்குள் போனது.

"எவன் சொன்னான்? என் வீடு அது" என்று சாவியைப் போட்டுத் திறந்தே காட்டினார்.

தெருவில் வந்துகொண்டிருந்த வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் வீட்டைத் திறந்து வாசலில் நின்று, "என்னண்ணே, விருந்தாளியா?" என்றார். மளமளவென்று தெருவெல்லாம் கதவுகள் திறந்தன. அவரவர் எதிராளி வாசலில். மகள் வீட்டு வாசலை அடைத்தபடி அக்கா.

"இந்தத் தெருவுல மேட்டுக்காரனே இல்லையாடா?" என்று தலையைச் சொறிந்தான் தலைவன். கை நீட்ட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

ஜீப் திரும்பியதும் தெருவே கூத்தாடியது. ரொட்டிக்கடைக்காரர் வாத்தியாரைத் தோளில் தூக்கப் பார்த்து, இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். போர் அந்தத் தெருவைத் தாண்டவில்லை. அந்த வாரமே அக்காவுக்குப் பேத்தி பிறந்தாள்.

எல்லாம் ஓய்ந்து வெகுகாலம் கழித்து, வாத்தியார் ஞாபகமறதியில் தன் சாவியால் மூன்றாவது வீட்டைத் திறந்துவிட்டார். அப்போதுதான் தெரிந்தது: எல்லை மூடிச் சரக்கு வராததால் அக்காவிடம் அன்று இருந்தவை ஒரே மாதிரிப் பூட்டுகள், எந்தச் சாவியும் எந்த வீட்டையும் திறக்கும்.