அப்பா சொன்னது பொய்யல்ல

எங்கள் அன்புத் தந்தையார் எம்மைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலர்ப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, செத்தவீட்டில் நீங்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து, "அப்பா நல்ல பொறுமைசாலி, பிள்ளை" என்றீர்கள். இல்லை. ஐம்பது வருடம் கோபத்தோடு இருந்த மனிதர் அவர். அந்தக் கோபத்துக்குக் காரணம் நாங்கள், அவருடைய சொந்தக்காரர். மூத்த மகள் நான் இதை எழுதாமல் விட்டால் என் கட்டை வேகாது.

அப்பா வலிகாமம் வடக்கில் தோட்டம் செய்கிற குடும்பத்தில் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார். தாய் தகப்பனைச் சிறுவயதிலேயே இழந்தவரை வளர்த்தவர் அவருடைய தமையன், எங்கள் பெரியப்பா. உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரர் ஊருக்குப் பக்கத்தில் விமானத்தளம் போட்டபோது இருவரும் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்பாவுக்கு எண்ணெய்ப் பீப்பாய் உருட்டுகிற வேலை. பெரியப்பாவுக்கு ஓடுபாதைக் கரையில் புல்லு வெட்டுகிற வேலை. அவர் அப்போதுதான் கலியாணம் முடித்திருந்தார். பெரியம்மாவுக்கு இருபத்திரண்டு வயது.

ஒரு காலை, குண்டுகள் ஏற்றிய விமானம் ஒன்று ஓடுபாதையில் ஓடியது, எழும்பவில்லை. பாதை முடிகிற இடத்தில் மண்மேட்டில் மோதி வெடித்தது. பெரியப்பா அந்த இடத்தில்தான் புல்லு வெட்டிக்கொண்டு நின்றார். அப்பா தன் கண்ணால் கண்டார். ஓடினார், சிப்பாய்கள் துவக்குப் பிடியால் அடித்துத் திருப்பினார்கள். சடலம் தரவில்லை. விமானம் ஏறுகிற நேரத்தில் அங்கே ஆளை அனுப்பியது கங்காணியின் பிழை. தன் தலை தப்ப அந்தக் கங்காணி, பெரியப்பா அன்று வேலைக்கே வரவில்லை என்று வரவுப் புத்தகத்தில் எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய அநியாயம். "அண்ணை செத்துப்போனார், நான் கண்டனான்" என்று அப்பா வீடு வீடாகச் சொன்னார். எங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள்? "வெள்ளைக்காரத் துரைமாரின்ரை புத்தகத்திலை பொய் வருமே? அவன் கொழும்புக்கு ஓடியிட்டான். தமையன்ரை காணிக்கு ஆசைப்பட்டு இவன் ஆளைச் சாக்காட்டுறான்!" பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குச் சொன்ன சொல் இது. செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையைச் செய்வோம் என்று அப்பா கேட்டபோது ஒருவரும் வரவில்லை. பெரியம்மா பொட்டோடும் தாலியோடும் பேசாமல் இருந்தார்.

பிறகு அப்பா கலியாணம் கட்டி, கடை வைத்து, எங்கள் மூவரையும் படிப்பித்தார். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரரின் நாட்டுக்கே, டூட்டிங்குக்கு, என்னோடு இருக்க வந்தார். காணிக்காகப் பொய் சொன்னவர் என்ற பட்டமும் பிளேன் ஏறிக் கூடவே வந்தது. குட்மேய்ஸில் ஒரு கலியாண வீட்டில், பந்தியில் வைத்தே ஒருவர் கேட்டார்: "என்ன, தமையன் கொழும்பிலையிருந்து கடிதம் போட்டவரோ?" யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழும்பினார்.

அடுத்த நாளே அந்த விபத்தைப் பற்றிக் கேட்டு இங்கத்தைய அரசாங்க அலுவலகங்களுக்கு எழுதத் தொடங்கினார். விமானத்தில் இறந்தவர்களின் பெயர்கள் வந்தன. உள்ளூர் ஆட்கள் எவரும் சாகவில்லை என்ற வரியும் வந்தது. அவர் விடவில்லை. பழைய படைவீரர்களின் சஞ்சிகை ஒன்றில் விளம்பரம் போட்டார். அந்த விமானத்தின் வாலில் துவக்கோடு இருந்தவர், தப்பிய ஒரே ஆள், சட்டன் என்ற ஊரிலிருந்து பதில் போட்டார்.

அவரைப் பார்க்க அப்பாவோடு நானும் போனேன். ஊர்ந்து வெளியே வந்தபோது பக்கத்தில் ஓர் உள்ளூர் மனிதர் கையில் அரிவாளோடு இறந்து கிடந்தார் என்றார் அந்தக் கிழவர். விசாரணையிலும் அதைச் சொன்னாராம். அதிகாரிகள்தான் அதை எழுதாமல் விட்டார்களாம். அப்பா மேசையில் ஓங்கி அடித்தார். தேத்தண்ணி கவிழ்ந்தது. "கேட்டியே பிள்ளை! கேட்டியே!" கிழவர் எல்லாவற்றையும் கைப்பட எழுதி ஒப்பமிட்டுத் தந்தார்.

அப்பா அதன் பிரதியை முதலில் ஊருக்கு, பெரியம்மாவுக்கு அனுப்பினார். இனி எல்லாருக்கும் சொல்லிக் கிரியை செய்வோம் அண்ணி என்று எழுதினார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது:

"தம்பி, நீர் சொன்ன அண்டைக்கே நான் நம்பினனான். பாதைக் கரையிலை புல்லு வெட்டப் போறன் எண்டு என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் அவர் போனவர். நான் வாய் திறந்தால் அந்த வயசிலை வெள்ளைச் சீலை. ஒரு நல்ல காரியத்திலை முன்னுக்கு நிக்க ஏலாது. பயத்திலை இருந்திட்டன். உம்மைப் பொய்யனாக்கிப்போட்டன். நான் சாகுமட்டும் பொறும்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "இப்பவே எல்லாருக்கும் போன் எடுக்கிறன்" என்று ரிசீவரைத் தூக்கினேன்.

"வை கீழை!" என்று அப்பா கத்தினார். "அவ பொட்டோடை இருக்கட்டும்."

கிழவரின் கடிதத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, உங்கள் வீட்டு விசேஷங்களில் உங்கள் பகிடிகளையும் கேட்டுக்கொண்டு அப்பா இன்னும் சில வருடம் இருந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் ஏசுவார். பெரியம்மா யுத்தத்தில் இடம்பெயர்ந்து போன இடத்தில், பொட்டோடேயே கண்மூடினார். செய்தி வந்தபோது அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். சொன்னேன். பிறகு, "இனிச் சொல்லு" என்றார். நான்காம் நாள் அவரும் போய்விட்டார்.

சொல்லிவிட்டேன். பெரியம்மாவை ஒருவரும் ஏச வேண்டாம். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை அப்படிப் பயப்படுத்தி வைத்திருந்தவர்கள் நாங்கள்தான்.

அப்பாவைப் பராமரித்த தாதிமாருக்கும், ஷிப்டை மாற்றி இரவு பகலாகக் கூட நின்ற நண்பர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த அயலவர்க்கும், சட்டனிலிருந்து தடியூன்றி வந்து தகனத்தில் கடைசிவரை நின்ற அந்தக் கிழவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டு எனக்குப் போன் எடுக்க வேண்டாம். வருகிற ஞாயிறு காலை என் தம்பி எங்கள் பெரியப்பாவுக்குக் கிரியை செய்கிறான். அதற்கு வந்து நில்லுங்கள்.