பசை சேர்த்து அடிங்கக்கா

புளித்த மைதா வாடைதான் முதலில் வந்தது. அப்புறம்தான் மாரியக்கா கடைக்குள் வந்தாள், முதுகில் மருந்தடிக்கிற டேங்க்கோடு.

விளாத்திகுளத்தில் ஓர் உரக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. விவசாய டிப்ளமோ முடித்த திமிர் வேறு... கேட்கவா வேண்டும்!

மாரியக்கா குத்தகை நிலத்தில் உளுந்து போட்டிருந்தாள். மழைக்குப் பிறகு உளுந்தை முந்திக்கொண்டு புல் எழும்பிவிட்டது. களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. நாலு நாளைக்கு முன்பு கடைக்கு வந்தவள், இந்த வருஷமும் விளைச்சல் போனால் நிலத்துக்காரர் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார் என்று புலம்பினாள். உளுந்தை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் கொல்லும் மருந்தை எடுத்துக் கொடுத்தேன். புல் இளசாக இருக்கும்போதே அடித்தாக வேண்டும், முற்றிவிட்டால் கேட்காது.

ஆனால் புல் இலையில் மருந்து நிற்காது, உருண்டு விழுந்துவிடும். அதற்காக ஒட்டும் திரவம் ஒன்றைக் கூடவே கலக்க வேண்டும். கடையில் அதைப் பசை என்றுதான் சொல்லுவோம். அன்றைக்கு இருந்த கூட்டத்தில் பாட்டிலை எடுத்துக் கொடுக்காமல் வாயால் மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

"பசை சேத்து அடிங்கக்கா, அப்பதான் எலையில ஒட்டும்."

மாரியக்கா வீட்டில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். அந்த வீட்டில் பசை என்றால் ஒன்றுதானே... மைதாவைக் காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டி டேங்கில் ஊற்றிவிட்டாள். மருந்து பீய்ச்சுகிற நாசில் முனை அடைத்துக்கொண்டது. இரண்டு நாளாகக் குத்திக் குத்திப் பார்த்தும் ஒரு சொட்டு வரவில்லை.

முதலாளி அண்ணாச்சி பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "இதுதாம்ளா பசை! நீ என்ன, புல்லுக்குத் தோசை சுடப் போனியோ?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

"படிக்காதவ அண்ணாச்சி... எனக்குத்தான் வெளங்கல" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மனசு கேட்காமல் மருந்தையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அவள் காட்டுக்குப் பஸ் ஏறினேன். இருவருமாக டேங்க்கைக் கழுவி, நாசிலைச் சுத்தம் செய்து, வெயில் ஏறுவதற்குள் அடித்து முடித்தோம்.

பத்து நாள் கழித்துப் போய்ப் புல்லின் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தேன். அழுகிப்போய்க் கையோடு வந்தது. அப்பாடா! மேற்கு ஓரத்தில் முற்றிப்போன புல் மட்டும் சாகவில்லை. அதை அவள் உட்கார்ந்து கையால் பிடுங்கினாள். அந்த வருஷம் விளைச்சல் தேறியது, குத்தகை கைவிட்டுப் போகவில்லை.

ஆனாலும், தப்பு என்னுடையது என்கிற ஒரு வார்த்தை அன்று என் வாயில் வரவில்லை.

இப்போது நானே கடை வைத்திருக்கிறேன். பாட்டிலைக் கையில் கொடுத்து, கலக்குகிற விதத்தையும் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிவிடுகிறேன். அப்போது இப்படி ஒரு வசதி இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்... கையை நீட்டிப் பாட்டிலைக் காட்ட எந்த வசதி வேண்டும்?

போன வாரம் மாரியக்கா தன் உளுந்துக் காட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அன்றைக்குத் தப்பு என்னுடையதுதான் என்று பேசி அனுப்பினேன்.

உடனே அவள் குரல் வந்தது, சிரிப்போடு.

"அண்ணாச்சி பாட்டிலக் காட்டுனப்ப ஒன் மொகம் போன போக்கப் பாத்தே தெரிஞ்சிட்டுளா. புதுசா வந்த புள்ள... வேலைய விட்டு நிப்பாட்டிருவாருன்னுதான் நான் வாயத் தொறக்கல."