டொக்டர் பாவித்த கார்

மெல்பேணில் இருக்கும் என் மகள் எனக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அப்பா இன்னுமொரு தடவை யாரிடமாவது ஏமாந்தால், யாழ்ப்பாணத்தில் உள்ள உடுவில் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவளிடம் போய்விட வேண்டும். அதற்கு முன் ஒரு தடவை ஏமாந்திருந்தேன் என்பது இதிலிருந்தே விளங்கியிருக்கும். லண்டனில் இருந்து எனக்கு ஒரு பொதி வந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிற்கிறது, வரி கட்டினால் எடுக்கலாம் என்று ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் நல்ல மரியாதையாகச் சொன்னாள். கட்டினேன். "லண்டனிலை உங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று மனைவி பிறகு கேட்டாள். லண்டனில் ஒருவரும் இல்லாத யாழ்ப்பாணத்தான் இருக்கிறானா? யாரோ ஒருவர் அனுப்பியிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

மெல்பேணில் மூன்று மாதம் இருந்து பார்த்திருக்கிறேன். குறை சொல்ல முடியாத ஊர். வீதியில் எதிர்ப்படுபவர்கள் எல்லோரும் சிரித்து 'ஹலோ' சொல்லிவிட்டு நாயோடு போய்விடுவார்கள். யாரையும் நிறுத்தி, "தம்பி எவ்விடம், ஆரின்ரை மகன்?" என்று கேட்க முடியாது. மூன்று மாதமாக அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததில் எனக்கு நாக்குத் தடித்துப்போனது. திரும்பி வந்த அன்று, விமான நிலையத்தில் வான் ஓட்ட வந்த பொடியனின் தாய்வழியைச் சாவகச்சேரி வரைக்கும் விசாரித்த பிறகுதான் மூச்சு வந்தது. அங்கே போய் நிரந்தரமாக இருப்பதை விடச் சும்மா செத்துப்போகலாம்.

இது என் குணம் மட்டுமில்லை, தொழிலும் அதுதான். முப்பது வருடம் கிராம அலுவலராக இருந்தவன். இன்றைக்கும் ஊரில் 'விதானையார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். யார் எந்த ஒழுங்கையில் இருக்கிறான், யாருடைய மருமகன், எத்தனையாம் ஆண்டு இடம்பெயர்ந்து எத்தனையாம் ஆண்டு திரும்பினான் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நற்சான்றிதழ் எழுதி எழுதித் தேய்ந்த விரல் இது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு ஏ போர்ட்டி கார் வேண்டும் என்று தோன்றியது. முதுகு வளைந்த பழைய இங்கிலாந்துக் கார். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டும் எங்கள் வீதிகளில் ஓடியது. ஏன் வேண்டும் என்று கேட்காதீர்கள். சிலர் கிளி வளர்க்கிறார்கள்.

மகள் இயந்திரப் பொறியியலாளர். செய்தி கேட்டதும் வீடியோவில் வந்தாள். "வாங்குங்கோ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனால் நான் அனுப்பிற லிஸ்ற்றை வைச்சு ஒவ்வொண்டாப் பாத்து வாங்குங்கோ. ஏமாந்தியளெண்டால் பிளேன் ரிக்கற் போடுவன், சொல்லிப்போட்டன்."

பட்டியலில் இருபத்திரண்டு விடயங்கள் இருந்தன. செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா, கம்பளத்தைத் தூக்கித் தரை பார், கீழே படுத்து அடிச்சட்டம் பார், காந்தம் ஒன்று கொண்டுபோ. தகரம் உக்கிய இடத்தில் பட்டி அப்பிப் பெயின்ற் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாதாம். எனக்குச் சொல்லித் தருகிறாள், பாருங்கள். மூன்றாம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது நான். இருந்தாலும் அச்சடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இணையத்தில் கார் தேடிய முதல் மாதம் நான் நடத்திய துப்பறிதலை யாராவது பார்த்திருக்க வேண்டும். சாவகச்சேரியில் நிற்பதாகப் போட்டிருந்த ஒரு காருக்குப் பின்னால் முழங்காலளவு பனி கொட்டிக் கிடந்தது. இன்னொரு கார் மூன்று விளம்பரங்களில், மூன்று நிறங்களில், மூன்று ஊர்களில் நின்றது. மூன்றிலும் அதன் கீழே அதே கறுப்பு நாய் அதே பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. நாய்க்கு நிறம் மாற்ற மறந்துவிட்டான் மடையன். ஒருவன் இன்னும் ஏழு பேர் வரிசையில் நிற்கிறார்கள், உடனே முற்பணம் போடுங்கள் என்றான். எட்டாவது ஆளாக நின்று பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒவ்வொன்றையும் மகளுக்கு அனுப்பினேன். பெருவிரல் தூக்கிய படம் அனுப்பினாள்.

ஒன்று கவனித்தேன். எல்லா விளம்பரத்திலும் 'டொக்டர் பாவித்தது' என்று இருந்தது. கணக்குப் பார்த்தால் அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நோயாளிகளை விட டொக்டர்மார்தான் கூட.

அரியாலைக் கார் வந்தது இரண்டாம் மாதம். பச்சை நிறம். பனியும் இல்லை, நாயும் இல்லை. இதிலும் டொக்டர் இருந்தார், அதை மன்னித்துவிட்டேன். தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, அரியாலையிலை எவ்விடம்?"

"ஸ்ரேசனுக்குக் கிட்ட ஐயா."

"அப்பா ஆர்?"

சொன்னான். "அம்மா எந்த ஊர்?" என்றேன்.

"அம்மா உடுவில்தான் ஐயா."

எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. உடுவிலில் எந்தப் பக்கம், எந்தக் கிணற்றடி, தாய்க்கு எத்தனை சகோதரம் என்று முக்கால் மணித்தியாலம் போனது. கடைசியில் தாயின் மூத்த தமையன் என் மனைவியின் ஒன்றுவிட்ட அக்காவைக் கலியாணம் முடித்தவர் என்று வந்து நின்றது. அந்தத் தமையனுக்கு வெளிநாடு போக நற்சான்றிதழ் எழுதியதே நான்தான்.

"அப்ப நீங்கள் எனக்கு மாமா முறையெல்லே?" என்றான் அவன்.

தொலைபேசியை வைத்துவிட்டு மனைவியிடம், "விசாரிச்சிட்டன். அருமையான கார்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போனோம். வாசலிலேயே தாய் வந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வடை வந்தது, தேத்தண்ணி வந்தது, அந்தத் தமையனின் கலியாண அல்பம் வந்தது. அல்பத்தில் நான் இருந்தேன், தலைமயிரோடு. கார் பின் கொட்டிலில் துணி போர்த்து நின்றது. பொடியன் துணியை இழுத்தான். பளபளவென்று நின்றது.

சட்டைப் பையில் பட்டியல். காற்சட்டைப் பையில் காந்தம். கையோ இரண்டுக்கும் போகவில்லை. ஒரு வீட்டில் வடை தின்றுவிட்டு, அந்த வீட்டுக் காருக்குக் கீழே எப்படிப் படுப்பது? பொம்பிளை பார்க்கப் போன இடத்தில் வாயைத் திற, பல்லை எண்ணப் போகிறேன் என்று எவனாவது சொல்வானா? ஆறடி தள்ளி நின்று ஒரு சுற்றுச் சுற்றினேன். சில்லை மெல்லக் காலால் தட்டியதே எனக்குப் பெரிய அத்துமீறலாகப் பட்டது.

"செசி நம்பரைப் பாருங்கோவன்," என்று மனைவி காதுக்குள் சொன்னாள்.

"சும்மா இரு. சொந்தக்காரற்றை வீடு," என்றேன்.

பொடியன் எங்களை ஏற்றிக்கொண்டு ஒழுங்கை முடிவு வரை போய்த் திரும்பினான். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்தது. எழுபது வயதுக் கார் அப்படிப் பிடிக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்த நேரம் நான் அவனுடைய தகப்பனின் பக்கத்தை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

கார் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், மனைவி குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையைக் கழற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். மகள் வாங்கித் தந்த கங்காரு அது. முன்கதவில் வைத்தாள். கங்காரு வழுக்கி விழுந்தது. பின்கதவில் வைத்தாள், விழுந்தது. கார் முழுவதும் சுற்றிக்கொண்டு வந்தாள். கங்காரு பாய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் முன் பம்பரில் ஒட்டி நின்றது.

"இது மட்டும் இரும்பு," என்றாள்.

அன்று பின்னேரமே மனைவியையும் ஏற்றிக்கொண்டு கராஜ்காரரிடம் கொண்டுபோனேன். நாற்பது வருடமாகப் பழைய கார் திருத்துகிறவர், கூட்டிக் குறைத்துப் பேசத் தெரியாதவர். மேலே பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார். எழும்பி வந்து பீடியைப் பற்றவைத்தார். "முன்பக்கம் ஏ போர்ட்டி. பின்பக்கம் வேறை ஏதோ. எஞ்சின் ஜப்பான் வான். மீற்றர் உழவு மெசினின்ரை. தரை தார்ப் பீப்பாவை வெட்டி விரிச்சது. செசி நம்பர் நேற்றுத்தான் அடிச்ச மாதிரிக் கிடக்கு. விதானையார், உது கார் இல்லை. உது கூட்டுக் குடும்பம்."

வீட்டுக்கு வந்து படலையைத் திறக்கும்போது மனைவி சொன்னாள். "தாயைப் பாத்துப் பொம்பிளை எடுக்கலாம். தாயைப் பாத்துக் கார் எடுத்த ஆள் உலகத்திலை நீங்கள் ஒராள்தான்."

அடுத்த நாள் தனியாக அரியாலைக்குப் போனேன். பேருந்தில் போகும்போதே ஏச வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். பொடியன் என்னைக் கண்டு பயப்படவே இல்லை. கதிரை எடுத்துப் போட்டான்.

"டொக்டர் பாவிச்சது எண்டெல்லே போட்டனீ?"

"ஓம் மாமா. அந்த ஸ்ரியரிங் டொக்டற்றை காரின்ரைதான்."

"எஞ்சின் வானின்ரை எண்டு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே மாமா. அம்மம்மாவின்ரை ஊர் கேட்டியள், சொன்னனான். சித்தப்பா எங்கை முடிச்சவர் எண்டு கேட்டியள், சொன்னனான். கேட்டதுக்கு ஒண்டும் பொய் சொல்லேல்லை. எஞ்சினைப் பற்றி ஒரு சொல் கேட்டனீங்களே?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. அதற்குள் தாய் வந்து, "வெயிலுக்கை வந்திருக்கிறியள், சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்," என்றாள். மீன்குழம்பு. நன்றாகவே இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஏச முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

வந்ததும் மனைவியிடம் கெஞ்சினேன். "பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை."

"நானாச் சொல்லமாட்டன். கேட்டால் பொய்யும் சொல்லமாட்டன்," என்றாள். முப்பத்தெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தும் விதானை உத்தியோகத்தின் நெளிவு சுளிவு ஒன்றும் அவளுக்கு வரவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு மகள் வந்தாள். அதற்கு முன் இரண்டு கிழமை எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. வீடியோவில் அவள் காரைக் காட்டச் சொன்ன போதெல்லாம் சிக்னல் இல்லாமல் போனது. அதாவது நான் இல்லாமல் ஆக்கினேன். குளிர்பெட்டியில் இருந்த காந்தப் பொம்மைகளையெல்லாம் கழற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். விடியற்காலையில் காரைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மெல்பேணின் அந்தச் சுத்தமான வெறும் வீதிதான் கண்ணுக்குள் வந்தது.

அவள் வந்து பயணப் பையை இறக்கி வைத்தாள். தாய் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு நேரே காரடிக்குப் போனாள். காந்தம் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. விரலை மடக்கிக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள். தகரச் சத்தம் வரவில்லை, பலகையில் தட்டியது போலக் கேட்டது. குனிந்தாள். பிறகு, போட்டிருந்த நல்ல உடுப்போடு மண்ணில் படுத்து, கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு காருக்குக் கீழே போனாள்.

அவளுடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் அந்தக் கால்களோடு கதைத்தேன். "பிள்ளை, அந்தப் பெடியன் எங்களுக்குச் சொந்தமெல்லே. அம்மாவின்ரை ஒண்டுவிட்ட அக்கா இருக்கிறா, அவவின்ரை மனிசன் இவன்ரை தாய்மாமன்..." கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போயின. நெடுநேரம் கீழேயே இருந்தாள். என்ன பார்த்தாளோ, எல்லாம் பார்த்திருப்பாள். என் வாய் தன்பாட்டில் சொந்தம் சொல்லிக்கொண்டே போனது.

வெளியே வந்தாள். முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். தாயைப் பார்த்தாள். தாய் முற்றத்து வாழைக்குலையைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"நல்ல கார் அப்பா," என்றாள். "வடிவாப் பாத்துத்தான் எடுத்திருக்கிறியள்."

ரிக்கற் என்ற சொல் வரவில்லை. மெல்பேண் வரவில்லை.

என் அலுவலக மேசைக்கு முன்னால் நின்று பொய் சொன்னவர்கள் எத்தனையோ பேர். உண்மை சொல்ல வந்தவன் தடுமாறுவான், அங்கும் இங்கும் பார்ப்பான். பொய் சொல்ல வந்தவன்தான் நேரே கண்ணைப் பார்த்து அவசரமில்லாமல் ஆறுதலாகச் சொல்வான். என் மகள் என் கண்ணை நேரே பார்த்து ஆறுதலாகச் சொன்னாள். பிள்ளைகள் யானை என்று எதையோ கீறிக்கொண்டு வந்து காட்டும்போது, நல்ல வடிவாயிருக்கு என்று சொல்வோமே, அந்தக் குரல். அவளுக்கு நாலு வயதில் நான் பாவித்த குரல் அது. முதலில் எனக்குக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு வந்ததை அடக்குவதற்கு, பம்பரில் இல்லாத தூசியைக் குனிந்து துடைக்க வேண்டியிருந்தது.

"ஓம் பிள்ளை," என்றேன். "நல்லா விசாரிச்சுத்தான் எடுத்தனான்."

"தெரியுது," என்று சொல்லிக் கையை நீட்டினாள். "காரின்ரை திறப்பைத் தாங்கோ அப்பா. நான் காரை ஓடுறன், நீங்கள் பக்கத்திலை இருங்கோ."

கொடுத்துவிட்டு மற்றப் பக்கத்தால் ஏறி இருந்தேன்.