சம்மட்டிக்காரனுக்கு எத்தனை மில்லி செகண்ட்

என் நாத்தனாரை அலுவலகத்தில் எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே. கடைசியில் அவரே தன் தேநீர்க் கோப்பையில் அந்தப் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டார். நான் மட்டும் அண்ணி என்பேன். என் வீட்டுக்காரருக்கு அக்கா. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பேருந்தில் வேலைக்கு வருகிறோம். அவரை இந்த வேலைக்குக் கூட்டி வந்தவளும் நான்தான், நாலு பேர் முன்னால் அவர் வேலைக்கு உலை வைத்தவளும் நான்தான். எனக்கு வாய் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடி. ஒரே நீள அறை, நான்கு மேசை, கீழே நாள் முழுக்க சக்கரத்தின் நட்டு கழற்றும் சத்தம். நாங்கள் வீடியோ கேம் செய்கிறோம். முதலாளி ஒருவர், நிரல் எழுதும் நான், படம் வரைந்து அதை அசையவைக்கும் ஒரு பையன். அவன் எதை ஆடினாலும் கண்ணை மூடிக்கொண்டு பாய்வான், அதனால் அவனுக்குப் புயல் என்று பெயர். நான்காவது ஆள் அண்ணி. அவருடைய வேலை ஆடிப் பார்ப்பது.

அதற்கு முன் இருபது வருடம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு பிழை இருக்காது, ஆனால் மெதுவாகச் செய்வார். அந்த மெதுவுக்காகவே அங்கே திட்டு வாங்கினார். அந்த அலுவலகத்தை மூடியபின் ஒரு வருடம் வீட்டில் சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணினியில் பாதி முடிந்த எங்கள் விளையாட்டைப் பார்த்து, "நான் ஒரு தடவை ஆடிப் பார்க்கட்டுமா?" என்றார்.

அது ஒரு கோட்டை. எழுபது கதவுகள், கதவுக்கு ஒரு காவல்காரன். புயல் முதல் கதவைப் பதினோரு நொடியில் தாண்டுவான். நான் கோபத்தில் எல்லாப் பொத்தானையும் சேர்த்து அமுக்குவேன். முதலாளி சண்டையை விட்டுவிட்டு மூலையில் ஏதாவது பெட்டி கிடைக்குமா என்று சுவரைத் தட்டிக்கொண்டிருப்பார். அண்ணி கேடயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் காவல்காரனையே நாற்பது நிமிடம் பார்த்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "இவன் மூணாவது அடிக்கு அப்புறம் மூச்சு வாங்கறான். அப்பத்தான் அடிக்கணும்." அதை எழுதியவள் நான். எனக்கே மறந்து போயிருந்தது.

மறுநாளே அவரை முதலாளியிடம் கூட்டிப் போனேன். அண்ணியின் ஆட்டம் என்றைக்கும் மாறாது என்பதால் அவரையே அளவுகோலாக வைத்தோம். எங்களுக்குள் ஒரு வழக்கமும் உண்டாயிற்று. ஒரு காவல்காரனை அண்ணி முதல் முறையிலேயே சாய்த்தால் அவன் ரொம்ப எளிது, கொஞ்சம் இறுக்குவோம். மூன்று முறையிலும் சாய்க்க முடியாவிட்டால் ரொம்பக் கடினம், கொஞ்சம் தளர்த்துவோம். மூன்றாம் முறையில் சாய்த்தால் அவன் வேகத்துக்கான எண்ணைப் பூட்டிவிடுவோம், அதற்குமேல் யாரும் கை வைக்கக் கூடாது. "கேடயம் பிடிக்கிறவங்களுக்கு மட்டும்தான் இந்தக் கேமா? என்னை மாதிரி ஆளு என்ன பண்ணுவான்?" என்று புயல் புலம்புவான். உனக்கு வேறு வேலை இல்லையா என்று நாங்கள் வாயை அடைத்துவிடுவோம்.

"இந்த ஒரு இடத்துலதான் என்னை யாரும் சீக்கிரம் சீக்கிரம்னு சொல்லல" என்று அண்ணி ஒருநாள் பேருந்தில் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

விளையாட்டை வாங்கி வெளியிடும் நிறுவனத்துக்கு அனுப்பவேண்டிய கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணிக்கு அவர்கள் வாசலை அடைத்துவிடுவார்கள். அதற்கு முந்தைய நாள், இதுவரை இந்த விளையாட்டைக் கண்ணால்கூடப் பார்க்காத இருபது பேரைக் கூட்டி வந்து கடைசிக் கதவைக் கொடுத்தோம். அங்கே நிற்பவன் சம்மட்டிக்காரன். எழுபது கதவுக்கும் அவன்தான் பெரிய தலை. அவன் சம்மட்டியை ஓங்குவதற்கும் அது விழுவதற்கும் நடுவில் உள்ள நேரம்தான் ஆடுபவனின் உயிர். அதை மில்லி செகண்டில் எண்ணுவோம், ஒரு நொடிக்கு ஆயிரம்.

இருபது பேரில் பதினான்கு பேர் அவனை முதல் முறையிலேயே சாய்த்துவிட்டார்கள். ஒரு பெண் சண்டைக்கு நடுவே கொட்டாவி விட்டாள். முதலாளி முகம் செத்துவிட்டது. மறுநாள் காலையில் வந்ததும் வராததுமாக, "உன் நிரல்ல எங்கயோ ஓட்டை. கண்டுபிடி" என்றார்.

என் நிரலில் ஓட்டையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணினி குறித்துவைத்த எட்டு மாத ஆட்டப் பதிவுகளை ஒன்று விடாமல் தோண்டினேன். சம்மட்டிக்காரனின் நேரம் முதலில் ஐந்நூற்று ஐம்பதாக இருந்தது. பிறகு அறுநூறு, எழுநூறு, இப்போது எண்ணூற்று இருபது. ஒவ்வொரு முறையும் அண்ணி மூன்று தடவை தோற்றிருக்கிறார், வழக்கப்படி நாங்கள் தளர்த்தியிருக்கிறோம். எல்லாம் முறைப்படிதான் நடந்திருந்தது. பிறகு இன்னொரு வரிசையைப் பார்த்தேன். சம்மட்டி எழுந்தபின் எவ்வளவு நேரத்தில் அண்ணியின் வலது கட்டைவிரல் கேடயப் பொத்தானை அமுக்கியது என்ற கணக்கு அது. எட்டு மாதம் முன்பு முதல் அடிக்கு முந்நூறு. இப்போது ஐந்நூற்று அறுபது, சண்டை நீள நீள எண்ணூறைத் தாண்டிவிடுகிறது.

அளவுகோலே சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது. நாங்கள் அதை வைத்துக் கோட்டையை அளந்துகொண்டிருந்தோம்.

அந்த இடத்தில் ஒரு மனுஷி என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து போய், தண்ணீர் குடிக்கலாம் வாங்க என்று வெளியே கூப்பிட்டு, காதோடு கேட்டிருக்க வேண்டும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, முதலாளியும் புயலும் கேட்க, "அண்ணி, உங்க கைக்கு என்ன ஆச்சு?" என்று கத்தினேன்.

அண்ணி வலது கையை மேசைக்கு அடியில் இறக்கினார். அந்த ஒரு அசைவில் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பாட்டில் மூடியைத் திறக்கத் தம்பியிடம் நீட்டுவார். வீட்டுச் சாவியை இடது கையில் திருப்புவார். காலையில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, சும்மா கழுவறேன் என்பார். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு நான் பார்க்கவில்லை. பதிவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது.

"கட்டைவிரல் மூட்டு தேஞ்சுபோச்சுன்னு டாக்டர் சொன்னாரு" என்றார் அண்ணி. "சொன்னா எந்திரிச்சுப் போகச் சொல்லிடுவீங்கன்னு சொல்லல. ஆனா வேணும்னு தோக்கல சார். ஒரு தடவைகூட வேணும்னு தோக்கல."

முதலாளி மோசமானவர் இல்லை, ஆனால் அன்று அவர் கழுத்தில் கத்தி. "பழைய ஐந்நூத்தி அம்பதை வை" என்றார் என்னிடம். பிறகு அண்ணியிடம், "நம்ம வழக்கப்படியே மூணு தடவை ஆடுங்க. சாய்ச்சா எண்ணைப் பூட்டி அனுப்பறோம், உங்க நாற்காலி உங்களுக்கு. முடியலைன்னா நாளையிலிருந்து அதுல புயல் உட்காரட்டும்."

"சார், எனக்கு வேணாம் சார்" என்றான் புயல்.

"உன்னைக் கேட்கல."

மணி இரண்டு நாற்பது. நான் எண்ணை மாற்றினேன். என் கையாலேயே மாற்றினேன்.

முதல் முறை அண்ணி எப்போதும்போல் கேடயத்துக்குப் பின்னால் நின்றார். சம்மட்டி எழுந்தது. என் திரையில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது: ஐந்நூற்று அறுபத்திரண்டு. பன்னிரண்டு மில்லி செகண்ட் பிந்திவிட்டது. இரண்டு அடியில் முடிந்தது. இரண்டாம் முறை ஐந்தாவது அடி வரை தாக்குப்பிடித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு அமுக்கினார், வலி முகத்தில் தெரிந்தது. ஆறாவது அடியில் கேடயம் எழவே இல்லை. புயல் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அண்ணி கன்ட்ரோலரை மடியில் வைத்தார். வலது கையை ஒருமுறை உதறினார். "அவன் காலடிச் சத்தம் கேக்கணும். கொஞ்சம் கூட்டி வைம்மா" என்றார் என்னிடம். கோபமே இல்லாத குரல். அது இன்னும் சுட்டது.

மூன்றாம் முறை.

சம்மட்டிக்காரன் நடந்து வந்தான். அண்ணி கேடயத்தைத் தூக்கவில்லை. அவன் ஓங்குவதற்கு முன்பே இடது கட்டைவிரலால் ஓரடி நகர்ந்தார். சம்மட்டி வெறும் தரையில் விழுந்தது. மறுபடி ஓரடி. மறுபடி தரை. மூன்றாவது அடி விழுந்ததும் அவன் மூச்சு வாங்கினான். அப்போது மட்டும் வலது விரல் ஒருமுறை இறங்கியது. அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது, ஏதோ எண்ணுகிறார். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டாயிற்று. ஒரே ஒரு முறை சம்மட்டி தோளை உரசி, திரையில் அவர் உயிர்க்கோடு பாதிக்குக் கீழே இறங்கியது. முதலாளி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆமை ஓட்டை விட்டு வெளிய வந்துடுச்சு" என்று புயல் முணுமுணுத்தான். நான் மூச்சை விடாமல் பதிவைப் பார்த்தேன். சம்மட்டி எழுவதற்கு நாற்பது மில்லி செகண்ட் முன்பே அவர் விரல் நகர்ந்திருந்தது. ஒவ்வொரு முறையும் முன்பே.

சம்மட்டிக்காரன் முழங்கால் மடிந்து விழுந்தான். கதவு திறந்தது.

புயல் கைதட்டினான். முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பூட்டு. அனுப்பு" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அண்ணி காப்பாற்றப்பட்டார், நானும் தப்பித்தேன்.

"பூட்டாதே" என்றார் அண்ணி.

எல்லோரும் திரும்பினோம்.

"நான் அவனைப் பார்த்து ஆடல சார். அவன் அடுத்து என்ன பண்ணுவான்னு எனக்கு மனப்பாடம். நாலாயிரம் தடவை அவன்கிட்ட அடி வாங்கியிருக்கேன். காசு கொடுத்து வாங்கி வீட்டுல உட்கார்ற ஆளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? இந்த எண்ணோட அனுப்பினா ஒருத்தரும் அந்தக் கதவைத் தாண்ட மாட்டாங்க. நேத்து கொட்டாவி விட்டாங்க, நாளைக்குத் தூக்கிப் போடுவாங்க."

"நீங்க ஜெயிச்சுட்டீங்க, புரியுதா?" என்றார் முதலாளி. "நாற்காலி உங்களுது. எதுக்கு இப்ப இது?"

"ஜெயிச்சது என் மனப்பாடம். அதை வெச்சு அளக்கக் கூடாது. என்னை வெச்சு அளக்கவே கூடாது சார். புயல் ஒரு வருஷமா அதைத்தான் சொல்லிட்டிருக்கான்."

மணி மூன்றேகால். முதலாளி என்னைப் பார்த்தார், நான் புயலைப் பார்த்தேன். அவன் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, டயர் கடையிலிருந்து இரண்டு பேரைக் கையோடு கூட்டி வந்தான். ஒருவர் சக்கரம் மாட்டுகிறவர், தோள் இரண்டும் மதில்போல் இருக்கும். இன்னொருவர் கல்லாவில் உட்காரும் அம்மா, பேசினாலும் நமக்குக் கேட்காது. ஆட்டம் தொடங்கியதும் அந்த மதில் மனிதர் கேடயத்துக்குப் பின்னால் பதுங்கினார். அந்த அம்மா வாளை உருவிக்கொண்டு பாய்ந்தார். ஐந்நூற்று ஐம்பதில் இருவரும் ஆறு தடவை செத்தார்கள். அறுநூற்றில் அந்த அம்மா ஜெயிப்பதற்குக் கிட்டத்தில் போனார். அறுநூற்று நாற்பதில் அந்த அம்மா மூன்றாம் முறையும் மதில் மனிதர் நான்காம் முறையும் சாய்த்தார்கள். அண்ணி பின்னால் நின்று அவர்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுநூற்று நாற்பதைப் பூட்டினேன். மணி நான்கு இருபது.

அண்ணி தன் மேசையில் இருந்த கோப்பையையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டார். கன்ட்ரோலரைப் புயலிடம் நீட்டினார், அவன் வாங்காமல் நின்றான். அதை மேசையில் வைத்துவிட்டு, "தினம் ஒரு புது ஆளை உட்கார வையுங்க சார். வேணும்னா நான் பின்னாடி உட்கார்ந்து பார்க்கறேன்" என்றார்.

"பார்க்கலாம்" என்றார் முதலாளி. அவர் வாயில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அண்ணிக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்கவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. தொடக்கத்திலேயே, நிதானமாக ஆட வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் சம்மட்டிக்கு வேறு நேரம் கொடுத்தால் என்ன? நாற்பது நிமிட வேலையை இருபதில் அடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் எதையும் எழுதியதில்லை. மணி நான்கு நாற்பத்தெட்டு. எண் மட்டும் காலியாக இருந்தது.

"அண்ணி, இதுக்கு எவ்வளவு போடட்டும்? எண்ணூத்தி இருபதா?"

அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். வலது கட்டைவிரலை இடது கையால் மெல்ல நீவிக்கொண்டிருந்தார்.

"தொள்ளாயிரம் போடு" என்றார். "அடுத்த வருஷமும் நான் வீட்டுல ஆடணும்ல."

நான் ஆயிரத்து இருநூறு என்று அடித்தேன். அவர் எண்ணைப் பார்த்தார். அனுப்பினேன்.