படகு ஷெட்டில் இல்லை

நான் பிறந்தது ஹைதராபாத்தில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். கடலைப் பார்த்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றுவிட்டேன். அப்படிப்பட்ட என்னிடம்தான் தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஒரு மீட்புப் படகு நிலையத்தைத் தயார் நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு இருந்தது. அமீர்பேட்டில், மூன்றாவது மாடியில், ஏசிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. தமிழ் தெரியும் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்குக் கிடையாது.

தினமும் காலை எட்டு மணிக்குப் படகோட்டிக்குப் போன் செய்வேன். இன்ஜினை ஓட்டிப் பார்த்தீர்களா, டீசல் இருக்கிறதா, லைஃப் ஜாக்கெட் எல்லாம் காய்ந்ததா என்று கேட்டு டிக் போடுவேன். படகு ஷெட்டுக்குள் இருந்தால் என் திரையில் பச்சை, வெளியே போனால் சிவப்பு. சிவப்பு வந்தால் காரணம் குறிக்க வேண்டும். பழுது, டீசல் இல்லை, ஆள் இல்லை, இந்த மூன்றுதான் இருந்தன. படகு யாரையாவது காப்பாற்றப் போயிருக்கலாம் என்பது இந்தத் திரையை வடிவமைத்த மகானுக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் காலை சிவப்பு. போனை எடுத்தது படகோட்டியின் மனைவி.

"வள்ளம் கவுந்துருச்சு தங்கச்சி. நாலு பேரு. என் தம்பியும் அதுல இருக்கான். இவரு படகை எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு."

டீம் லீடர் பின்னால் வந்து நின்றார். அவரும் தமிழர்தான், மூன்று தலைமுறையாக ஹைதராபாத். அவர் தமிழில் 'ஏன்' என்பது 'கைக்கு', 'ஆமாம்' என்பது 'ஹவ்', 'வேண்டாம்' என்பது 'நக்கோ'.

"கைக்கு ரெட் காட்டுது? பத்து மணிக்கு ரிப்போர்ட் போகணும். படகை ஒரு தடவை ஷெட்டுல விட்டுட்டு அப்புறம் போகச் சொல்லும்மா."

"ஆளுங்களைக் காப்பாத்தப் போயிருக்காங்க சார்."

"ஹவ், போகட்டும். ஆனா படகு ரெடியா இருக்கணும்ல?"

அவரைத் தூக்கிக் கடலில் போடலாம் போல ஆத்திரம் வந்தது. போட்டால் அதற்கும் படகு வெளியே போக வேண்டும், மறுபடி சிவப்பு.

நான் போனை வைக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் காற்று இரைச்சல்தான் கேட்டது. பிறகு இன்ஜின் சத்தம். கரையில் நின்ற அந்த அக்கா, மீட்டு வந்தவர்களைச் சத்தமாக எண்ணினாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அதற்குமேல் குரல் வரவில்லை.

"என் தம்பி படுத்துக் கெடக்கான் தங்கச்சி! எந்திரிக்கிறான், எந்திரிக்கிறான்!"

கொஞ்ச நேரத்தில் டீசல் தீர்ந்துபோன படகை ஷெட்டுக்குள் இழுத்துவிட்டார்கள். திரை பச்சையானது. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதேன். டீம் லீடர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"நக்கோம்மா, அழாத. அதான் பச்சை வந்துடுச்சுல்ல."