குறுக்கே ஓட்டச் சொன்னது நான்தேன்

உங்க மவனும் பீன்ஸ் மூட்டைக்கு வேற ஜீப்பச் சொல்லிட்டானாமே மதினி? எங்க மாப்ளைக்குச் சரிவு பாக்கத் தெரியல, வண்டியக் கவுத்துட்டாருன்னு போளூர் முழுக்கப் பேச்சாக் கெடக்கு. உக்காருங்க, சொல்றேன். காப்பி போடவா? பேத்தி வாங்கியாந்த கருப்பட்டி அம்புட்டு ருசி. சரி, விசயத்துக்கு வாரேன்.

அன்னைக்குக் காட்டுல பூண்டு ஏத்திக்கிட்டு வாரோம். மழையில மரம் விழுந்து பாதைய அடைச்சிருக்கு. சந்தைக்கு நேரமாச்சேன்னு எனக்குப் பறக்குது. மாப்ள எறங்கி, பக்கத்துப் புல்லுச் சரிவ நடந்து பாத்தாரு. வண்டிக்குள்ள முன்னாடி ஒரு பாட்டில் கட்டி வெச்சிருப்பாரு. பாதித் தண்ணி, அதுக்கு மேல ஒரு ரப்பர் பேண்டு. வண்டி சாஞ்சா தண்ணி ஒருபக்கமா ஏறும்ல, அது ரப்பரத் தொட்டா நிறுத்திருவாரு. "வண்டிக்கும் தாகமா மாப்ள"ன்னு நான் எப்பவும் சிரிப்பேன்.

"நேரா ஏறுனா தாங்கும் அத்தே. குறுக்க போனா சாஞ்சிரும், மேல இம்புட்டு மூட்ட இருக்கு. எறக்கிட்டுப் போவோம்"னாரு.

நாம தலைச்சுமையோட எப்படி நடப்போம் மதினி? நேரா ஏறுனா மூச்சு வாங்கும்னு குறுக்கதான நடப்போம். காலுக்குச் சுளுவானதுதேன் சக்கரத்துக்கும்னு நெனச்சுட்டேன். "நான் நெதம் நடக்குற சரிவு, குறுக்கயே ஓட்டுங்க. பொம்பள காலுக்கு இருக்குற தைரியம் ஜீப்புக்கு இல்லையாக்கும்"னு சொல்லிப்புட்டேன். கூட வந்த ரெண்டு பொம்பளைகளும் சிரிச்சாளுக. அவரு எங்கள எறங்கி நடக்கச் சொல்லிட்டு வண்டிய எடுத்தாரு.

தண்ணி ரப்பரத் தொட்டதும் நிறுத்தத்தேன் பாத்தாராம். ஈரப் புல்லு வழுக்கிருச்சு. மேல் சக்கரம் அந்தரத்துல. மாடு படுக்குற மாதிரி, மெதுவா ஒரு பேரி மரத்துல போயிச் சாஞ்சிருச்சு. பூண்டெல்லாம் பள்ளத்துல உருளுது. நல்லவேளை, அவருக்கு முழங்கையில சிராய்ப்பு மட்டுந்தேன்.

ஆளுக ஓடியாந்து கேட்டப்ப, "நான்தேன் சரியாப் பாக்கல"ன்னாரு. மாமியாளக் காட்டிக்குடுக்கல. நான் பக்கத்துலயே பூண்ட முந்தியில பொறுக்கிக்கிட்டு இருந்தேன். குனிஞ்ச தல நிமிரல.

மூணு சந்தை போச்சு, அவர ஒருத்தரும் லோடுக்குக் கூப்பிடல. அவரு என்னடான்னா, "சாப்பிட்டீங்களா அத்தே"ன்னு எப்பவும் போலக் கேக்குறாரு. எனக்குத்தேன் சோறு எறங்கல.

நாளைக்கு வெள்ளனே வந்து உங்க மவன்கிட்டச் சொல்லிர்றேன். நீங்க சொல்லாதீங்க மதினி, என் வாயாலதேன் சொல்லணும். கடைத்தெருவுலயும் நாலு பேரு கேக்க... இருங்க, காயப்போட்ட பூண்டக் கோழி கிளறுது. ஏய், போ அங்கிட்டு.